மூன்று தெருவின் மழையும் ஒரு பீடியும்

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சாக்கடையைத்தான். கோபுரம், மலை, அருவி எல்லாம் பிறகு. கடல் தாண்டி ஈப்போவில் இருபது வருடமாக மழைநீர் வடிகால் வரைந்து பிழைப்பவளுக்குக் கண் தானாகவே கீழே போய்விடுகிறது. தேனிலவில் எடுத்த படங்களை என் கணவர் இன்றும் விருந்தாளிகளிடம் காட்டிச் சிரிப்பார். பாதிப் படங்களில் நான் குனிந்து ஏதோ ஒரு மதகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கண்ணோடுதான் இரண்டாயிரத்து எட்டாம் வருடம் ஐப்பசியில் கம்பம் பள்ளத்தாக்கில் போய் இறங்கினேன். காரணம் ஒரு பரோட்டா மாஸ்டர்.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் முருகேசன் வேலை பார்த்தார். நாங்கள் ரொட்டி சானாய் என்று கேட்டாலும் அவர் விடாப்பிடியாகப் பரோட்டா என்றுதான் சொல்வார். ஒரு மத்தியானம் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். ஊரில் வார்டு கவுன்சிலர். வார்டில் ஓர் ஊருணி. மூன்று தெருச் சாக்கடையும் மழைத்தண்ணீரும் அதில் விழுந்து நாறுகிறது. நாறுகிற ஊருணி எதற்கு, மண்ணைக் கொட்டி மூடி வண்டி நிறுத்தலாம் என்று பேச்சு நடக்கிறது. நான் சும்மா இருந்திருக்கலாம். தே தாரிக் டீ ஆறுவதற்குள், கடை பில்லின் பின்பக்கத்தில் ஒரு செடிப் படுகையை வரைந்து கொடுத்துவிட்டேன்.

செடிப் படுகை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தெருவில் ஓடிவரும் மழைநீரை நேராகக் குளத்தில் விடாமல் ஒரு பள்ளத்தில் இறக்குவது. பள்ளத்தில் மேலே செடிகள், கீழே மணல், அதற்கும் கீழே ஜல்லி, அடியில் துளை போட்ட குழாய். தண்ணீர் மெதுவாக வடிந்து போகும். சேறும் எண்ணெயும் சாணியும் மேலேயே தங்கிவிடும். எங்கள் ஊரில் புதிய குடியிருப்புகளில் இதைப் போட ஆரம்பித்திருந்த நேரம்.

ஆறு மாதம் கழித்து என் கைப்பேசியில் ஒரு பெண் குரல். "அக்கா, நாந்தேன் முருகேசன் அக்கா ஜெயக்கொடி பேசுறேன். நீங்க வரைஞ்சு குடுத்தது பாஸாயிருச்சு. எப்ப வர்றீக?"

பில்லில் வரைந்ததற்காகப் பதினைந்து நாள் விடுப்புப் போட்டேன்.

ஊரின் பெயரை எழுதக்கூடாது என்று ஜெயக்கொடி உத்தரவு. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், அனுமந்தன்பட்டியைத் தாண்டி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பேருந்திலிருந்து இறங்கியதும் இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை, கையெட்டும் உயரத்தில் திராட்சைப் பந்தல். நான் வழக்கம்போலக் கீழே பார்த்தேன். தெருவோரச் சாக்கடையை இங்கே வாறுகால் என்கிறார்கள். எங்கள் ஊர்த் தமிழர்கள் லோங்காங் என்போம். பெயர்தான் வேறு, உள்ளே கிடக்கிற பிளாஸ்டிக் பை ஒன்றுதான்.

ஜெயக்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. கழுத்தில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கையெழுத்து வாங்க வருகிறவர்கள் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். வந்த அன்றே ஊருணிக்குக் கூட்டிப்போனார். கரையில் புங்கமரங்கள், நான்கு பக்கமும் கல்படி, நடுவில் பச்சைப் பாசி. மழைத்தண்ணீர் வந்து விழும் மூலையில் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"நான் எலெக்சன்ல நின்னப்ப ஒரே ஒரு வாக்குத்தேன் குடுத்தேன்க்கா. இந்த ஊருணியக் காப்பாத்துறேன்னு. ரோடு, லைட்டு எதுவும் சொல்லல. அடுத்த கூட்டத்துல மூடுறதுன்னு தீர்மானம் வருது. நீங்க போடுறது வேலை செஞ்சா ஊருணி நிக்கும். இல்லைன்னா வேன் நிக்கும்."

பில்லின் பின்பக்கத்தில் இதையெல்லாம் நான் எழுதவில்லையே.

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாள் ஒரு தட்டு நிறையப் பன்னீர்த் திராட்சையோடு வந்தார். பேச்சியம்மா. ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். பேச்சும் நடையும் அவசரம். "உங்களுக்குப் பூர்வீகம் எங்கிட்டுத்தா?" என்பது முதல் கேள்வி. நாமக்கல் பக்கம் என்று கேள்வி, சரியாகத் தெரியாது, நான் வேரைத் தேடி வரவில்லை, சாக்கடையைத் தேடித்தான் வந்தேன் என்றேன். "நல்லதாப் போச்சு, அது இங்கன நெறைய இருக்கு" என்றார்.

மறுநாள் காலை மதிப்பீடு. நடந்த இடம் டீக்கடை. கட்டுவதற்கு ஒத்துக்கொண்டிருந்தவர் உத்தமபாளையத்துக் காதர் பாய். அறுபது வயதுக் கொத்தனார், இடுக்கிப் பக்கம் பாதி வாழ்நாள் வேலை பார்த்தவர். டீக்கடையில் பால் இல்லாத டீயைக் "கட்டன்" என்றுதான் கேட்பார். நான் ஈப்போவில் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்த மதிப்பீட்டை நீட்டினேன். ரிங்கிட்டை ரூபாயாக்கியதில் நாலே கால் லட்சம் வந்திருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இஞ்சினியரம்மா, இதுல ஒரு வீடு கட்டி, பால் காய்ச்சி, குடியே போயிரலாம்."

வார்டுக்கு ஒதுக்கியது ஒரு லட்சம். வரிக்கு வரி சண்டை போட்டோம். ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே விரிக்க நான் எழுதியிருந்த துணி மதுரையிலேயே கிடைக்குமோ என்னவோ. அதற்குப் பதில் ஒரு அடுக்கு பொடி ஜல்லி என்றார் அவர், சரி என்றேன். துளை போட்ட குழாய் வாங்க வேண்டாம், சாதாரண பி.வி.சி. குழாயில் நாமே போடலாம் என்றார், சரி. கழுவிச் சலித்த மணலைக் கடையில் வாங்குவதற்குப் பதில் ஆற்று மணலை இங்கேயே கழுவலாம், அதற்கும் சரி. சுற்றிலும் கட்டவேண்டிய சிமெண்ட் விளிம்பை மட்டும் நான் விடவில்லை. கேட்டுக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா, "எங்க தோட்டத்துல ஒடைஞ்ச கல்லுக்கால் அம்பது கெடக்கு, அள்ளிக்கங்க" என்று அதையும் முடித்துவைத்தார். திராட்சைப் பந்தலைத் தாங்கும் கல்தூண்கள். ஈப்போவில் அப்படி ஒரு கிரானைட் விளிம்புக்கு மேலிடத்தில் கையெழுத்தே கிடைக்காது.

கடைசியில் எண்பத்தேழாயிரத்தில் வந்து நின்றது. என் இருபது வருட அனுபவத்தில் மூன்று டீயில் இவ்வளவு குறைந்த மதிப்பீட்டை நான் பார்த்ததில்லை.

காசு குறைந்ததோடு நிற்காமல் காதர் பாய் என் வரைபடத்திலும் கை வைத்தார். "இதுல செடி வைக்கிறீக. சரி. மாசி, பங்குனியில சொட்டு மழை இருக்காது. அப்ப செடி என்னத்தைக் குடிக்கும்?"

எங்கள் ஊர் மழை ஒழுங்கான அரசாங்க ஊழியர் மாதிரி, பிற்பகல் நாலு மணிக்குக் கையெழுத்துப் போட வந்துவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஜெயக்கொடிதான் வழி சொன்னார். ஊருணி முக்கில் குழாயடி இருக்கிறது. குடம் நிரம்பி வழிவதும் குடம் கழுவுவதும் வீணாக வாறுகாலில் ஓடுகிறது. அதைப் படுகைக்குத் திருப்பிவிட்டால் கோடையில் செடி பிழைத்துக்கொள்ளும். வரைபடத்தில் ஒரு கோடு கூடியது, செலவு கூடவில்லை.

வெள்ளிக்கிழமை குழாய் வாங்கப் போனோம். ஜெயக்கொடியின் டி.வி.எஸ். வண்டியில் அவர் முன்னே, நான் பின்னே, என் தோளில் பத்தடிக் குழாய் மூன்று. நீளவாட்டில் பிடிக்கச் சொன்னார். அப்படியே பிடித்தேன். அனுமந்தன்பட்டியில் எதிரே ஆட்டுமந்தை வர, அவர் சட்டென்று ஒடிக்க, குழாயின் பின்முனை சுழன்று ஒரு கடையில் தொங்கிய வாழைத்தாரைத் தட்டிவிட்டது. தார் விழுந்ததும் ஆடுகள் பாய்ந்தன. கடைக்காரர் கத்துவார் என்று பயந்தேன். அவர் குழாயைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார், "போர் போடுறீகளா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், தின்றது போக மீதி இருந்த சீப்பை எங்களிடமே கொடுத்துவிட்டார். ஊருணிக்காம்.

அன்று மின்சாரம் இல்லை. அந்த வருடம் மின்சாரம் இருப்பதுதான் செய்தி. துளைபோடும் மெஷின் சும்மா கிடந்தது. காதர் பாய் அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, குழாயில் சுர் சுர் என்று துளை போட்டார். அளவு பிசகவில்லை.

அப்புறம்தான் பீடி வந்தது. பள்ளம் தோண்டியதும் அடிமண் எவ்வளவு வேகத்தில் தண்ணீரை இழுக்கிறது என்று பார்க்கவேண்டும். அதற்கென்று நான் ஈப்போவிலிருந்து இரும்பு வளையமும் அளவுகோலும் சுமந்து வந்திருந்தேன். காதர் பாய் அதைப் பார்க்கக்கூட இல்லை. முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி பறித்தார், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார், பக்கத்தில் குந்தி ஒரு பீடியைப் பற்றவைத்தார். திராட்சைக் கொடி நடுகிறவர்கள் குழியை இப்படித்தான் பார்ப்பார்களாம். பீடி முடிவதற்குள் தண்ணீர் இறங்கினால் மண் நல்ல மண்.

"டாக்டர் பீடியை விடச் சொல்லிட்டாகம்மா. விட்டுட்டேன். இது அளக்குறதுக்கு மட்டுந்தேன்."

அவர் மனைவி எங்களுக்குத் தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் கொடுத்தனுப்பும்போது ஒரு சேதியும் சொல்லியனுப்புவார்: இந்த வேலைக்கு எத்தனை குழிதான் தோண்டவேண்டும் என்று இஞ்சினியரம்மா ஒரு கணக்குச் சொல்லட்டும்.

நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நிறுத்தி நிதானமாக இழுத்தால் ஒரு பீடி ஆறு நிமிடம். என் வளையத்திலும் அளந்தேன். இரண்டும் ஒரே முடிவைத்தான் சொன்னன. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் பீடி என்று ஒரு கட்டம் போட்டேன்.

அடுத்த ஒரு வாரம் சந்தோஷமான வாரம். நாற்பதடி நீளம், பத்தடி அகலம், இடுப்பளவு ஆழம். ஜல்லி, குழாய், பொடி ஜல்லி, கழுவிய மணல் என்று ஒவ்வொன்றாக இறங்கியது. தண்ணீர் நுழையும் வாயில் பிளாஸ்டிக்கைப் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி. மழை மிஞ்சினால் வழிந்து ஓட ஒரு பக்கம் தணிந்த விளிம்பு. தண்ணீர் மேலே ஒரு சாண் வரை நிற்கலாம், ஒரு நாளுக்குள் இறங்கிவிடவேண்டும். நின்றால் கொசு. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன்: "செடி வைக்கப் போறோம். செடி தண்ணியைச் சுத்தம் பண்ணிரும்."

அந்தப் பதில்தான் என் தலையில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் வீட்டில் ஒரு நிக்காஹ். ஜெயக்கொடியும் நானும் வீரபாண்டிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணைக்கு வெட்டிவேரும் கல்வாழையும் வாங்கப் போனோம். கௌமாரியம்மனையும் கும்பிட்டோம். எனக்கென்று ஒன்றும் வேண்டத் தெரியவில்லை, குழாய் அடைக்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். திரும்பும்போது நடத்துநர் நாற்று மூட்டைகளைக் கண்டு, "தோட்டத்துக்குத் தனி டிக்கெட்" என்றார். உட்கார இடமில்லை. உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் கேட்காமலே ஆளுக்கொரு மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் அடுத்தவர் மூட்டையைத் தொட்டால் போலீஸ் வரும். முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை வெட்டிவேர் வாசத்தோடு ஊர் வந்து சேர்ந்தோம்.

ஊருணி முக்கில் கூட்டம். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பேச்சியம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார்.

என் மணலைக் காணோம். நாற்பதடிக்கும் கருகருவென்று, சமமாக, கட்டி உடைத்து நிரவிய கண்மாய்க் கரம்பை. மேலே ஆட்டுப்புழுக்கை தூவியிருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தெளித்து, நடுவில் ஒரு தேங்காய் உடைத்திருந்தார்கள்.

"மூணு டிராக்டர்த்தா. தெருவுக்கு ஒரு லோடு. கால் காசு வேணாம். வெறும் ஆத்து மணல்ல என்னத்தா மொளைக்கும்? நல்லது செய்ய வந்த புள்ளைக்கு மண்ணு வெவரம் பத்தலைன்னு பேசிக்கிட்டோம். அதேன் நீங்க வர்றதுக்குள்ள போட்டுரலாம்னு."

கரம்பை என்றால் குளத்தின் அடியில் படியும் வண்டல். இந்தப் பள்ளத்தாக்கில் அதைவிட உயர்ந்த சீர் கிடையாது. சம்பந்தி தோட்டத்துக்குக்கூட எண்ணித்தான் கொடுப்பார்கள். ஆனால் அது மாவு மாதிரி நைசான மண். வடிகட்டியின் மேல் அதைப் போடுவதும் தார் ஊற்றி மூடுவதும் ஒன்று. போதாததற்குப் புழுக்கை. ஊருணிக்குப் போகாமல் எதைத் தடுக்க வந்தேனோ அதையே வாசலில் வைத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகை வந்தது. "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை சேர்மனும் கவுன்சிலர்களும் பார்க்க வருகிறார்கள். புதன்கிழமை நான் கிளம்புகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டம்.

ஜெயக்கொடி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "அள்ளிருவோம்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா, அள்ளிருவாக. ஆனா மொகம் சுருங்கிரும். அவுக குடுத்த மண்ண நான் வேணாம்னு சொன்னேன்னு ஆயிரும். அப்புறம் ஊருணி இருந்தா என்ன, போனா என்ன, எட்டிப் பாக்க மாட்டாக."

அதுவும் உண்மைதான். செடிப் படுகை கட்டுவதோடு முடிகிற காரியம் இல்லை. குப்பை அள்ளவேண்டும், களை எடுக்கவேண்டும், வருடத்துக்கு ஒருமுறை மேல்மணலைச் சுரண்டவேண்டும். இவர்கள் கை வைக்காவிட்டால் இரண்டே வருடத்தில் அதுவும் ஒரு குப்பைமேடு. யோசிக்க யோசிக்க, தப்பு என்னுடையது என்று தெரிந்தது. ஒரு வாரமாகச் செடி செடி என்று சொன்னேனே தவிர, தண்ணீர் அதன் வழியாகக் கீழே போகவேண்டும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. விவசாயம் பார்க்கிறவர்களிடம் செடி என்று சொன்னால் அவர்கள் செடிக்குத்தான் பார்ப்பார்கள்.

திங்கள் காலை வெள்ளனவே காதர் பாய் வந்தார். கரம்பையைப் பார்த்தார். தலையில் கை வைக்கவில்லை, சட்டைப்பையில் கை வைத்தார். பீடி.

"பேச்சியம்மா, ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு வா. தெருவுல எல்லாத்தையும் வரச் சொல்லு. கொடி வைக்கிற குழி எப்படிப் பாப்போம்னு இஞ்சினியரம்மாவுக்குக் காட்டுவோம்."

கரம்பையின் நடுவில் ஒரு குழி. நல்லவேளையாக விளிம்போரம் ஒரு முழம் மணல் மூடாமல் தப்பியிருந்தது, அங்கே ஒரு குழி. இரண்டிலும் ஒவ்வொரு குடம் ஊற்றிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். மணலில் ஊற்றிய தண்ணீர் பாதிப் பீடிக்குள் போய்விட்டது. கரம்பையில் ஊற்றியது குளம் மாதிரி நின்று எங்கள் முகத்தைக் காட்டியது. இரண்டாவது பீடி. நின்றது. மூன்றாவது பீடிக்கு அவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் அசையவில்லை.

பேச்சியம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது. "அடியாத்தி! இதுல கொடி வச்சா வேர் அழுகிரும்ல?"

"இது செடிக்கு மட்டும் இல்லம்மா" என்றேன். "மூணு தெருத் தண்ணியும் இதுக்குள்ள இறங்கி, அடியில வர்ற குழாய் வழியா ஊருணிக்குப் போகணும். இறங்கலைன்னா மேலேயே நிக்கும். அழுக்கோட வழிஞ்சு ஊருணிக்குத்தான் போகும். இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

பிறகு பேச்சியம்மா இடுப்பில் சேலையைச் செருகினார். "இது சோறு வடிக்கிற வடிதட்டு மாதிரின்னு சொல்லியிருந்தா நாங்க ஏன் கரம்பை போடுறோம்? ஏலே, மம்பட்டிய எடுங்கலே! போட்ட கைதேன் அள்ளணும்."

அள்ளினார்கள். மூன்று தெருவும் வரிசையாக நின்று சட்டி மாற்றியது. கரம்பை முழுவதும் ஊருணிக் கரையில் புங்கமரங்களின் காலுக்குப் போயிற்று. கலந்துபோன மேல்மணலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் நிரப்பினோம். மத்தியானத்துக்கு மேல் வெட்டிவேரும் கல்வாழையும் நட்டபோது, எந்த நாற்றை எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பேச்சியம்மா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒவ்வொரு செடிக்கும் ஒரே ஒரு பிடி கரம்பை?" என்று கேட்டார். ஒரு பிடிக்கு நான் ஒத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு வாரமாக மழை வந்துவிடுமோ என்று பயந்தவளுக்கு, அன்று வராதா என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. சேர்மன் வந்தார். மோசமானவர் என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் அப்படி இல்லை. சந்தைத் தெருவில் திராட்சை வேன்கள் நெரிந்து, ஆம்புலன்ஸ்கூட நுழைய முடியவில்லை என்பது அவர் கவலை. அது நியாயமான கவலை.

"மழையக் காணோமே, எப்படிப் பாக்குறது?" என்றார்.

ஜெயக்கொடி கண்ணைக் காட்ட, குழாயடிப் பெண்கள் நாற்பது குடம் வாறுகால் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் மணலுக்குள் இறங்கியது. எல்லோரும் ஊருணிப் பக்கம் ஓடிக் குழாயின் வாயைப் பார்த்தோம். வந்தது கலங்கலாக வந்தது. புது மணலில் முதலில் தூசி கழுவிக்கொண்டுதான் வரும். எனக்கு அது தெரியும், சேர்மனுக்கு எப்படித் தெரியும்? இன்னும் இருபது குடம். அதன் பிறகு மெல்லத் தெளிந்தது. சேர்மன் உள்ளங்கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"குடிக்கலாமா?"

"கூடாது. ஊருணிக்குத்தான் இது. குடிக்கிற அளவுக்குச் சுத்தம் இல்லை" என்றேன். ஜெயக்கொடி என்னை முறைத்தார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேர்மன் சிரித்தார். "கொடத்துல ஊத்துனா என் வேட்டிகூடத்தேன் வடிகட்டும். மூணு தெரு மழையும் ஒண்ணா வந்தா இது தாங்குமா? அதைப் பாத்தாத்தேன் நம்புவேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குள்ள மழை பேஞ்சா என்னையக் கூப்புடுங்க, நானே வர்றேன். பேயலைன்னா தீர்மானம் தீர்மானந்தேன்."

அன்றும் மழை இல்லை. புதன் காலையும் இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறினேன். ஜெயக்கொடி கடைசிவரை தைரியமாகப் பேசினார். காதர் பாய் என் இரும்பு வளையத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "கனமா இருக்கும்மா, அடுத்த தடவை பீடி கொண்டாங்க" என்றார். பேச்சியம்மா ஒரு பெட்டி திராட்சை கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, இவர்களை ஏமாற்றிவிட்டுப் போகிறோம் என்ற நினைப்போடு தேனியைத் தாண்டினேன்.

ஆண்டிபட்டியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றோம். பள்ளத்தாக்கின் பச்சை எல்லாம் எங்கோ போய், வெயிலும் புழுதியும் காய்ந்த காடுமாகக் கிடந்தது. ஓட்டுநர் ஜாக்கியைத் தேடினார், ஜாக்கி பணிமனையில் இருந்தது. நடத்துநருக்கு ஒரு கொத்துத் திராட்சை கொடுத்துவிட்டு நான் மேற்கே திரும்பிப் பார்த்தேன்.

மலையைக் காணோம். நாங்கள் வந்த திசை முழுக்கக் கருத்திருந்தது.

"கம்பம் பக்கம் கொட்டுதுபோல" என்றார் நடத்துநர், கொட்டையைத் துப்பிக்கொண்டே. "இங்கன ஒரு சொட்டு வராது."

நான் ஜெயக்கொடிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. காதர் பாய்க்கு அடித்தேன். எடுக்கவில்லை. வேறு பேருந்து வருவதற்குள் பதினொரு முறை அடித்திருப்பேன். பன்னிரண்டாவது முறை என் கைப்பேசியே அடித்தது. காதில் வைத்ததும் ஒரே இரைச்சல். மழையா, ஆள் சத்தமா என்று தெரியவில்லை.

"இஞ்சினியரம்மா! கேக்குதா?" காதர் பாய் கத்தினார். "சரியான மழை! மூணு தெருவும் ஒண்ணா வந்து எறங்குச்சு! ஒரு சாண் நின்னுச்சும்மா!"

"இறங்குதா? அளந்தீங்களா?"

"எப்படிம்மா அளக்குறது? மழையில பீடி பத்தவே மாட்டேங்குது! ஒரு கட்டுத் தீப்பெட்டி போச்சு!"

"அப்புறம்?"

"அப்புறமென்ன, சேர்மன் வந்தாக. குடையை எம் மேல பிடிச்சாக. 'பத்த வைங்க பாய், நானும் பாக்குறேன்'னாக. தான் நனைஞ்சுக்கிட்டே பீடி முடியிற வரைக்கும் நின்னாக. மழை இன்னும் பேயுதும்மா, ஆனா நின்ன தண்ணி ஒரு வெரக்கடை, ஒரு வெரல் அளவு, எறங்கிருச்சு!"

பின்னால் ஜெயக்கொடி என்னவோ சொல்வது கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"சேர்மன் என்ன சொன்னார் பாய்?"

"தீர்மானத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லிட்டாக. வேன் நிறுத்த வேற எடம் பாப்பாகளாம். இப்ப பேச்சியம்மாட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருக்காக."

"என்ன கேக்குறார்?"

"சேர்மன் வீட்டு முன்னாடியும் தண்ணி நிக்குதாம். இதே மாதிரி ஒண்ணு போட எத்தனை கல்லுக்கால் வேணும்னு."